கொதிக்காத பானை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அவளை மொட்டை மாடியில், அவரைப் பந்தலுக்குப் பின்னால், கையில் ஒரு பாட்டிலோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து போய்விட்டோம். பாவம், அவள் என்னதான் செய்வாள்? அது மது பாட்டில் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. அடியில் கொஞ்சம் கலங்கலாக ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் முகர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் கீழே இறங்கி வந்தாள்.

கணவரிடம் கேட்டாளா என்றால், அதுவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். வெகுகாலம் குடித்தார். குடித்துவிட்டு வேலைக்குப் போய் ஸ்டீயரிங்கைப் பறிகொடுத்தார். பிறகு சிகிச்சைக்குப் போய், விட்டுவிட்டு வந்தார். அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. குடியால் வண்டியை இழந்தவன் திரும்பி வந்தால், அவன் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், எல்லா டிரைவர்களும் கண்டக்டர்களும் பார்க்க, முற்றத்தில் நின்று, "இவருக்கு நான் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் வண்டி.

அவள் சொன்னாள். பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று, குரல் நடுங்காமல் சொன்னாள். அன்றைக்கு டிரைவர் அழுதார். அந்த நாளிலிருந்து அவர் குடிக்கவில்லை.

குடிக்காத கைக்கு வேலை வேண்டுமே? மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளிலும் உடைந்த டிரம்மிலும் மண்ணை நிரப்பி, அவரை, கொத்தவரை, காராமணி என்று கொடியும் செடியுமாக வளர்க்க ஆரம்பித்தார். கயிறு கட்டி ஏற்றிவிட்ட கொடிகளோடு, பயணிகளிடம் பேசுகிற மாதிரியே பேசுவார். படியில் தொங்காதே, மேலே ஏறு, பின்னால் வருகிறவனுக்கு இடம் விடு என்று அவர் அதட்டுவது கீழ் வீடு வரைக்கும் கேட்கும். மகளுக்கு அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

இந்த வருடம் புதிதாகச் சிவப்பு பீன்ஸ் போட்டிருந்தார். கடையில் ராஜ்மா என்று விற்கிறார்களே, அதுதான். பிஞ்சாக இருந்தபோது சில காய்களைப் பறித்துப் பொரியல் செய்து சாப்பிட்டார்கள். மற்றதைக் கொடியிலேயே முற்ற விட்டு, காயவிட்டு, உரித்து, ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வந்து நேற்று மாலை அவள் முன்னால் வைத்தார். பளபளவென்று, பாலிஷ் போட்ட மாதிரி சிவப்பு விதைகள்.

"ஒரு துளி மருந்து அடிக்கல. நாளைக்குக் காலையில எனக்கு இதுதான் வேணும்," என்றார்.

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மனதில் அந்த பாட்டில்தான் இருந்தது.

இன்று காலை அவள் பேக்கரியில் இருந்தாள். முதல் அடுக்கு ரொட்டிகள் அடுப்பிலிருந்து வெளியே வந்து ஆறிக்கொண்டிருந்தன. இரண்டாவது அடுக்குக்கான மாவு தட்டுகளில் துணி போர்த்தி உப்பிக்கொண்டிருந்தது. மாவு விஷயத்தில் அந்தப் பேக்கரியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவசரப்படுத்தாமல், இளஞ்சூட்டில், மெல்ல மெல்லப் பொங்கவிடுவாள். சூடு ஏறினால் ருசி போய்விடும் என்று புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அது அவள் வாயில் மந்திரமாகவே ஆகிவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. மாவுக் கையோடு, முழங்கையால் தள்ளி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

டிப்போ மேலாளர் பேசினார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் பேருந்தை நடுவழியில் நிறுத்திவிட்டார், இறங்கி நிற்க முடியவில்லை, விடாமல் வாந்தி எடுக்கிறார், தள்ளாடுகிறார், பயணிகள் எல்லோரும் குடித்திருக்கிறார் என்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வரச் சொல்லியிருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்த நொடியே அவளுக்கு கண் முன்னால் அந்த பாட்டில் வந்து நின்றது.

"அம்மா, நீங்க பொறுப்பேத்தவங்க. அதனால உங்கள ஒரு வார்த்தை கேக்க வேண்டியிருக்கு. இன்னமும் அவருக்காக நீங்க நிக்கறீங்களா?"

பக்கத்தில் மாவு பிசையும் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இல்ல சார்," என்றாள்.

மேலாளர் நல்ல மனிதர். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்கச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. எத்தனை வருடம் யோசித்தாகிவிட்டது? எத்தனை முறை வாசலில் நின்று, தெருமுனையைப் பார்த்துப் பார்த்து யோசித்தாகிவிட்டது?

"யோசிக்க ஒண்ணும் இல்ல. மறுபடி ஆரம்பிச்சிட்டார்னு எனக்குப் போன வாரமே தெரியும். இனிமே அவருக்காக நான் நிக்க மாட்டேன். நீங்க என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க."

போனை வைத்துவிட்டாள். சரி, உடனே அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாளா? அதுதான் இல்லை. திரும்பி வந்து மாவுத் தட்டுகளை வரிசையாக அடுப்பில் தள்ளினாள். என்ன விஷயம் என்று கூட வேலை செய்கிறவள் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, வேலையைப் பார் என்றாள். கிடக்கட்டும். கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கட்டும். போதை தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை என்பது தெரியட்டும். இதையெல்லாம் அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டாள். அந்தப் பேக்கரியில் அவள் கையால் ரொட்டி கருகியது இன்றைக்குத்தான் முதல் தடவை.

மத்தியானம் தாண்டி இரண்டாவது போன் வந்தது. இந்தத் தடவை மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து.

மகளுக்கு வீட்டில் 'சிட்டு' என்று பேர். வேலைக்குப் போகிற வயது வந்த பிறகும் சிட்டு சிட்டுதான். அந்தச் சிட்டு ஒருவருக்குக் கண்ணாடி மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தபோதே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. வாந்தி, வயிற்றுவலி, முகம் வெளுத்துவிட்டது, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம், நீங்கள் நேராக அங்கே வந்துவிடுங்கள் என்றார்கள்.

விடாத வாந்தி. நிற்க முடியவில்லை. காலையில் மேலாளர் சொன்ன அதே வார்த்தைகள்.

சிட்டுவும் குடித்தாளா என்ன?

ஏப்ரனை அவிழ்க்கப் போனால் முடிச்சு அவிழவில்லை. அப்படியே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு ஒரு நீளமான கூடம். நடுவில் ஒரு பச்சைத் திரை போட்டு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தார்கள். வாசலில் பேருந்தின் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். காலையிலிருந்து உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் அவளுக்கு உறைத்தது.

நடந்ததை அவர்தான் சொன்னார். வண்டியில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்ததாம். டிரைவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியதாம். என்ன என்று இவர் கேட்பதற்குள் அவர் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, இரண்டு கதவையும் திறந்துவிட்டாராம். எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்தாராம்.

"தண்ணி போட்டவனுக்கு ஹேண்ட்பிரேக் ஞாபகம் வருமா அக்கா? நான் கத்திக் கத்திச் சொன்னேன். யாரும் கேக்கல," என்றார் கண்டக்டர்.

அவள் பெண்கள் பக்கம் போனாள். காலையில் இந்த மனிதர் கத்தியிருக்கிறார். அவள் கத்தவில்லை.

சிட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் டாக்டர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இளவயதுப் பெண்தான், ஆனால் கேள்விகளை விட்டுவிடுகிற ரகம் இல்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் இரண்டு பேர், ஒரே மாதிரி. இருவரும் என்ன சாப்பிட்டார்கள்?

அப்பா காலையில் சாப்பிட்டதையே தான் டப்பாவில் கொண்டுபோய் மத்தியானம் சாப்பிட்டதாகச் சிட்டு முனகினாள். சிவப்பு பீன்ஸ். மாடியில் விளைந்தது.

பீன்ஸ் என்றதும் டாக்டரின் முகம் மாறியது. செடிக்கு ஏதாவது பூச்சிமருந்து அடித்தீர்களா என்று முதலில் அதைத்தான் கேட்டார். அவள் முந்திக்கொண்டு, மருந்தே கிடையாது என்றாள்.

"பூண்டுத் தண்ணி மட்டும் தெளிச்சோம்," என்றாள் சிட்டு. "செடியில அசுவினிப் பூச்சி வந்துச்சுன்னு நானும் அப்பாவும் பூண்டும் மிளகாயும் அரைச்சுக் கரைச்சோம். அந்த பாட்டில் பந்தலுக்குப் பின்னாடி இருக்கும்."

தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்த பாட்டில் என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"கீழ் வீட்டுக்காரர் தூக்கிப் போட்டது. நான்தான் கழுவி எடுத்து வந்தேன். அந்த பாட்டில் வேண்டாம், அம்மா பாத்தா தப்பா நினைப்பான்னு அப்பாதான் சொன்னார். அம்மா அப்படியெல்லாம் நினைக்க மாட்டான்னு நான் சொன்னேன்."

மனுஷிக்கு முகத்தில் ஈயாடவில்லை. மகள் வாந்தி எடுத்து வதங்கிப்போய்க் கிடக்கிறாள். அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தையும் தாயின் கன்னத்தில் அறைகிறது. அறைவதாக அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

பூண்டுத் தண்ணீரை டாக்டர் ஒதுக்கிவிட்டார். அதனால் இப்படி வராது என்றார். பீன்ஸை எப்படி வேகவைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

சொன்னாள். மாலையில் ஊறப்போட்டது. பேக்கரி ஆண்டு விழாவில் பரிசாக வந்த மின்சாரப் பானை ஒன்று, மெதுவாக வேகவைக்கிற ரகம், திறக்காமலே கிடந்தது. பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் கிழிந்திருந்ததால் அந்தப் பானையில் போட்டது. ஊறவைத்த தண்ணீரில்தானே சத்து இருக்கிறது என்று அதை வடிக்காமல் அதோடு சேர்த்தே போட்டது. விடிய விடிய ஓடட்டும் என்று விட்டது. எந்தச் சூட்டில் வைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கறதுலயே கம்மி. மெதுவா வெந்தா ருசி கூடும்னு," என்றாள்.

மாவு உப்பவைத்த கை. வேறு எப்படி வைக்கும்?

தண்ணீர் கொதித்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை. காலையில் மூடியைத் திறந்தபோது நல்ல சூடு, அவ்வளவுதான். விதை தோல் சுருங்கி மெத்தென்று இருந்தது. அவள் பேக்கரிக்குப் போய்த்தான் எப்போதும் சாப்பிடுவாள் என்பதால் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. டிரைவர் சாப்பிட்டார். உள்ளே கொஞ்சம் கடிபடுகிறது, அதுதான் கைவிளைச்சலின் ருசி என்று சொல்லி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக விளக்கினார். இந்தச் சிவப்பு விதைக்குள்ளேயே இயற்கையாக ஒரு நஞ்சு இருக்கிறது. மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும், கடையில் வாங்கினாலும் வீட்டில் விளைந்தாலும் இருக்கத்தான் செய்யும். நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, தளதளவென்று அரை மணி நேரமாவது கொதிக்கவிட்டால் அது செத்துப்போகும். அதற்குப் பிறகு மெதுவாக வேகவைப்பதில் தப்பில்லை. கொதிக்காமல் வெறும் சூட்டில் வைத்தால் அது சாகாது.

"அரைகுறை சூட்டுல வைக்கறது பச்சையா திங்கறதவிட மோசம்மா. நஞ்சு குறையாது, கூடும்," என்றார். "நல்லவேளை, இது ரெண்டு பேருக்கும் ராத்திரிக்குள்ள சரியாகிடும். வண்டிய அவர் நேரத்துக்கு நிறுத்தினதுதான் பெரிய விஷயம்."

சிட்டுவுக்கு அந்த நிலையிலும் மாடிச் செடிகளைப் பற்றித்தான் கவலை. மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் டாக்டர். அவரைக்காய், கொத்தவரை, காராமணி, பிஞ்சு பீன்ஸ் எல்லாம் வழக்கம் போல நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், பயமே வேண்டாம். முற்றிய விதை எதுவானாலும் பச்சையாகவோ முளைகட்டியோ அப்படியே வாயில் போடாதீர்கள், கொதிக்க வையுங்கள். இந்தச் சிவப்புக்கு மட்டும் கூடுதல் மரியாதை கொடுங்கள். சிட்டு லேசாகச் சிரித்தாள். தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

டிரைவரின் ரத்தத்தைச் சோதித்தீர்களா என்று கேட்டாள். டிப்போவில் கேட்டதால் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம் என்றார் டாக்டர். குடித்ததற்கான அடையாளமே இல்லை. மத்தியானமே டிப்போவுக்குச் சொல்லிவிட்டோம்.

மத்தியானமே. கிடக்கட்டும் என்று அவள் பேக்கரியிலேயே இருந்த நேரம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். மேலாளர் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். அவர் எடுத்ததும், நான் சொன்னதெல்லாம் தப்பு, பெரிய தப்பு, எல்லாம் என் கையால் வந்த வினை, நான் அவருக்காக நிற்கிறேன், இன்றைக்கும் நிற்கிறேன், எப்போதும் நிற்கிறேன் என்று மூச்சு வாங்காமல் கொட்டினாள். படியில் ஏறிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மேலாளர் முழுவதும் கேட்டார். டிரைவர் மேல் குடித்த குற்றம் இல்லை, அது முடிந்துபோன விஷயம் என்றார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தடையாக இருப்பது வேறு.

"பொறுப்பேத்தவங்க ஒரு தடவை பின்வாங்கிட்டா, அவங்களே திரும்ப நிக்க முடியாதும்மா. அது எங்க டிப்போவுல மொதல்லேருந்து இருக்கற கட்டுப்பாடு. நீங்க சொன்னத நான் மட்டும் கேட்டிருந்தா பரவாயில்ல, கேக்காத மாதிரி இருந்திருப்பேன்," என்றார்.

வேறு யார் கேட்டார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்து அவர் சொன்னதில் மனது போய்விட்டது. வீட்டிலிருந்து வேறு ஒருவர் வந்து முற்றத்தில் நின்று சொன்னால் நாளைக்கே வண்டி. இல்லையென்றால் அவர் டிக்கெட் அறையில் உட்கார வேண்டியதுதான், வண்டி கிடையாது. பேருந்து ஓட்டாத டிரைவரை நினைத்துப் பார்த்தாள். குடியை விட்டு அவர் மீண்டு வந்ததே அந்த ஸ்டீயரிங்கைத் திரும்பப் பிடிப்பதற்காகத்தான். அதை நம்பி அவர் வாழ்ந்தார். அதைத் தன் வாயாலேயே பிடுங்கிக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போதும் ஒரு சின்ன நம்பிக்கை அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. தான் பேசியது இன்னும் அவருக்குத் தெரியாது. நானே பக்குவமாகச் சொல்லிவிடலாம். முதலில் நல்ல சேதி, பிறகு கெட்ட சேதி. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் புரிந்துகொள்வார். எத்தனை சண்டையைத் தாண்டி வந்திருக்கிறோம், இதையும் தாண்டிவிடலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனாள்.

டிரைவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தார். சட்டை மாற்றியிருந்தார்கள். காக்கிச் சட்டை மடித்துக் கால்மாட்டில் இருந்தது. அவளைப் பார்த்ததும் முதல் கேள்வி சிட்டு எப்படி இருக்கிறாள் என்பதுதான். கண்டக்டர் சொல்லித் தெரிந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள், கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள் என்று சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் உருவிக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"எல்லாம் அந்தச் சிவப்பு பீன்ஸால வந்ததுங்க. நான்தான் சரியா கொதிக்க வைக்கல. தப்பெல்லாம் என்னோடது," என்றாள். "ரத்தம் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லையாம். நீங்க குடிக்கலையாம்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"நான் குடிக்கலைன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்," என்றார். "தெரியாம இருந்தது உனக்குத்தான்."

இவருக்கு யார் சொன்னது? மேலாளரா? கண்டக்டரா?

அவரே சொன்னார். குரல் தேய்ந்திருந்தது. நடுவில் நடுவில் நிறுத்தி, தண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு சொன்னார். பேருந்துப் படியில் உட்கார வைத்திருந்தார்களாம். சுற்றிலும் பயணிகள். ஒருத்தர், இவனை நம்பி எத்தனை உயிர் என்றாராம். இன்னொருத்தர், இவன் பழைய குடிகாரன், எனக்குத் தெரியும் என்றாராம். மேலாளர் வந்து நின்றாராம். என்ன சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை என்று இவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

"அப்பதான் உன் ஞாபகம் வந்துது. என் வீட்டுல கேளுங்க சார், அவ சொன்னா அதுதான் உண்மைன்னு நான்தான் சொன்னேன். அவர் போன் போட்டார். ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்னு அதையும் நான்தான் சொன்னேன்."

அதற்கு மேல் சொல்லத் தேவை இல்லை. ஒரு பேருந்து நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்க, படியில் உட்கார்ந்து, அவள் குரல் வருமென்று அந்த மனுஷன் காத்திருந்திருக்கிறார். குரலும் வந்திருக்கிறது.

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாட்டிலைப் பார்த்தேன், கேட்க பயந்தேன், உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தப்பு என்று விக்கி விக்கிச் சொன்னாள். திரும்ப நிற்கிறேன் என்று மேலாளரிடம் சொன்னதையும், முடியாது என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள்.

டிரைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவள் கையை மெதுவாகத் தட்டிக்கூடக் கொடுத்தார். அழாதே, வேண்டுமென்றா செய்தாய், உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை, என்னோடு நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றார். அவர் அத்தனை நல்லபடியாகப் பேசியதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஏதோ தூரத்து உறவுக்காரியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

பிறகு தன் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"சிட்டுவால நடக்க முடிஞ்சா இங்க வரச் சொல்லு," என்றார். "எனக்காக நிப்பாளான்னு அவளக் கேக்கணும்."

அவள் எழுந்தாள். பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இந்தக் கேள்வியைக் கொண்டுபோக வேண்டியவளும் அவள்தான். சிட்டு கட்டிலில் உட்கார்ந்து, கால்களைக் கீழே தொங்கப் போட்டு, செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்னம்மா சொன்னார்?" என்று கேட்டாள்.